பன்னிரண்டு பேர்

நேலிடா,
இரவு இரண்டே காலுக்கு என் போன் துடித்தால்
நான் முதலில் நினைப்பது
எங்கோ மூச்சிரைக்கும் ஒரு குழந்தையை.
சால்டோவின் இந்தப் பக்கத்தில்
இரவில் திறக்கும் மருந்துக்கடை என்னுடையது ஒன்றுதான்.
கதவில் ஒட்டிய எண்ணும் என்னுடையது.
அதனால் சத்தத்தை அணைக்க வழியில்லை.

பின்னறை மடக்குக்கட்டிலில் படுத்திருந்தவன்
ஒற்றைச் செருப்போடு எழுந்து பார்க்கிறேன்.
ரோஜா.
மினுங்கும் ரோஜா.
அதன்மேல் இறக்கையடிக்கும் ஒரு தேவதை.
"இதைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பு,
வெள்ளிக்குள் பணம் வரும்.
பைசாண்டுவில் ஒருத்தி சிரித்துவிட்டு அழித்தாள்.
மூன்றாம் நாள் பாலத்தின் நடுவில்
அவள் வண்டி நின்றுவிட்டது."
நின்றது, அவ்வளவுதானா
என்று கேட்கத் தோன்றியது அரைத்தூக்கத்தில்.

செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி துடிப்பு.
அதே ரோஜா, அதே தேவதை.
மூன்றாம் முறையும்.
நான்காம் முறையும்.

என்னென்னவோ செய்து பார்த்தேன்.
கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டேன்,
அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டாய்.
பதிலே போடாமல் இருந்தேன்,
வந்து சேரவில்லையோ என்று திரும்ப அனுப்பினாய்.
எலுமிச்சைத் தோலை வேகவைத்துக் குடித்தால்
ரத்த அழுத்த மாத்திரை வேண்டாம் என்றொன்று வந்ததே,
அதற்கு மட்டும் பெரிய எழுத்தில் கத்தினேன்.
அதே செய்தியைப் போனில் ஏந்திக்கொண்டு
முந்தின நாள்தான் ஒரு கிழவர்
மாத்திரைகளைத் திருப்பித் தர வந்திருந்தார்,
பாதிப் பணமாவது கிடைக்குமா என்று.
அன்று இரவு நீ எதுவும் அனுப்பவில்லை.
அடுத்த நாள் ரோஜா.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.
ஜூலைக் காற்று காதை அறுத்தது.
பிளாஸ்கிலிருந்து மாத்தே ஊற்றி நீட்டினாய்.
ஆரஞ்சு பொறுக்கிப் பொறுக்கி
மஞ்சளேறிய உன் நகங்கள்.
நான்கு மாதம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை
எதிர்க்கரை அர்ஜென்டினாவைப் பார்த்துச் சொன்னேன்:
"இனிமேல் எனக்கு அதெல்லாம் அனுப்பாதே."

"எது, ரோஜாவா?" என்று சிரித்தாய்.
பிறகு குழலை வாயிலிருந்து எடுக்காமலே,
"பன்னிரண்டு பேர் கேட்கிறதே,
எனக்கு ஒன்பது பேர்தான்."

விரல் விட்டு எண்ணிக் காட்டினாய்.
மான்டிவிடியோவில் அக்கா.
பேசுவதை நிறுத்திவிட்ட அக்காவின் மகன்.
பழக்கொட்டகையில் உன் வரிசையில் நிற்கும் நான்கு பெண்கள்.
கேஸ் உருளைக்காரன், அவன் திறந்தே பார்ப்பதில்லை.
பல் டாக்டர்.
நான்.
"குறைகிற மூன்றுக்கும் உன்னையே போட்டுவிடுவேன்.
நீ எப்படியும் முழித்திருப்பாய்."

"இதையெல்லாம் நம்புகிறாயா?"
"சேச்சே.
ஆனால் இடைவேளை மணி அடித்ததும்
பாலத்தில் நின்றவள் ஞாபகம் வந்துவிடுகிறது.
கை தானாகப் போகிறது."

சங்கிலியில் நான் ஒரு கண்ணி என்று கடுகடுத்திருந்தேன்.
நான்கு கண்ணியும் நானே என்று
யார் கண்டார்கள்.

பேரம் பேசினோம், சந்தையில் போல.
பகலில் அனுப்பு. ஒன்று போதும்.
மீதி மூன்றையும் அனுப்பியதாகக் கணக்கில் எழுதிக்கொள்.
"யாருடைய கணக்கில்?" என்றாய்.
பதில் தெரியாமல் மாத்தேயை உறிஞ்சினேன்.
ஆறிப்போயிருந்தது.

செவ்வாய் இரவு, இரண்டே கால்.
துடிப்பு. செருப்பு. ஷட்டர்.
உண்மையாகவே ஒரு தகப்பன்,
போர்வைக்குள் விசில் போல மூச்சுவிடும் பிள்ளை.
மருந்தைக் குலுக்கிக் கொடுத்து,
மூச்சு சீராகும்வரை நின்று,
மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தால் போனில் ஒன்றுமில்லை.
படுத்தேன். புரண்டேன்.
உன் இடைவேளை முடிய இன்னும் எட்டு நிமிடம்.
ரோஜா வைக்காமல், தேவதை வைக்காமல்
தட்டினேன்:
"சாப்பிட்டாயா?"

உடனே வந்தது உன் பதில்:
"இதை எத்தனை பேருக்கு அனுப்பணும்?"

கேலியா கேள்வியா தெரியவில்லை.
ஒற்றைச் செருப்போடு
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.